ஜப்பானியத் தோழியின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்கு, முறை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். யொகொஹாமாவுக்கு வந்து ரெண்டு வருஷம் முடியப்போகுது. ஆபீஸ்ல என் பக்கத்து மேசைப் பொண்ணுக்கு நவம்பர்ல கல்யாணம். நேத்து சாயங்காலம் தபால்பெட்டியைத் திறந்தா கனமான வெள்ளை உறை. உள்ளே அழைப்பிதழ், ஹோட்டலுக்கு வழி போட்ட ஒரு தாள், பதில் எழுதி அனுப்ப ஒரு அஞ்சலட்டை. 'வருகிறேன்', 'வரவில்லை'ன்னு ரெண்டு இடம் இருக்கு, ஒண்ணுல வட்டம் போட்டு அனுப்பிடலாம்னுதான் பேனாவை எடுத்தேன். எதுக்கும் இணையத்துல பார்த்துக்கலாம்னு தேடினா, அந்த அட்டையில எந்த எழுத்தை எப்படி அடிக்கணும்னே தனி முறை இருக்காம். பேனாவைக் கீழே வெச்சுட்டேன்.

பணம் எவ்வளவு வைக்கணும், புடவை கட்டலாமா, நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்ய, வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போகலாமா, எதுவும் தெரியலை. இன்னொண்ணு, இதை யார்கிட்டயும் கேட்க முடியலை. எங்க பிரிவுல இருபது பேர் இருக்கோம். கூப்பிட்டது மூணு பேரைத்தான். அதுல நான் ஒருத்தி. நிஜமாவே தோழின்னு கூப்பிட்டாளா, இல்ல சபையில ஒரு வெளிநாட்டுப் பொண்ணு இருந்தா அழகா இருக்கும்னு கூப்பிட்டாளான்னு மனசு கிடந்து அடிச்சுக்குது.

வேப்பமரம்:
தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இங்கே கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஐம்பது அறுபது பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொரு பெயரையும் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்து பேசித்தான் எழுதுவார்கள், ஒவ்வொரு நாற்காலிக்கும் பெயர் அட்டை உண்டு. அழகுக்காக ஒரு நாற்காலியை யாரும் ஒதுக்க மாட்டார்கள். நிம்மதியாக இருங்கள்.

அதே காரணத்தால் வீட்டுக்காரரைக் கூட்டிப் போக முடியாது. உறையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அழைப்பு. 'ரெண்டு பேரா வரலாமா' என்று கேட்கவும் வேண்டாம். மறுக்கவும் முடியாமல், மேசைக் கணக்கை மாற்றவும் முடியாமல் அந்தப் பெண் தவித்துப் போவாள்.

அஞ்சலட்டையை மூன்று நான்கு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். 'வருகை', 'முகவரி', 'பெயர்' என்ற சொற்களுக்கு முன்னால் 'கோ', 'ஹோ' என்று மரியாதை எழுத்துகள் இருக்கும். அவை அவர்கள் உங்களுக்குத் தரும் மரியாதை. அதை நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாது, இரட்டைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். முகவரிப் பக்கத்தில் அவர்கள் பெயருக்குக் கீழே 'யுகி' என்று தாழ்மையாகப் போட்டிருப்பார்கள். அதை அடித்து 'சாமா' என்று எழுதுங்கள். ஓரத்தில் இரண்டு வரி வாழ்த்து போதும். அதில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி வைக்க வேண்டாம். நல்ல காரியத்துக்கு முற்று வைக்கக்கூடாது என்று நினைக்கிறார்கள். சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதினால் சரியாக இருக்கும்.

பட்டுநூல்:
பணம் பத்தி நான் சொல்றேன். நகோயாவுக்கு வந்ததுக்கு அப்புறம் ஆறு கல்யாணம் பார்த்திருக்கேன். நம்ம மொய் மாதிரிதான், இங்க பேரு கோஷூகி. தோழி, கூட வேலை பார்க்கிறவங்கன்னா 30,000 யென். மேலதிகாரின்னா 50,000 வரைக்கும் வைப்பாங்க, நெருங்கின சொந்தம்னா 100,000 கூடப் போகும். தொகையோட முதல் எண் ரெண்டால வகுபடக்கூடாது, பிரிஞ்சு போற எண்ணாம். நாலும் ஒன்பதும் ஆகவே ஆகாது. நாலு சாவு மாதிரி ஒலிக்கும், ஒன்பது வேதனை மாதிரி ஒலிக்கும். புதுசா வேலைக்குச் சேர்ந்த சின்னப் பசங்க 20,000 வைக்கிறதும் உண்டு. அப்ப ஒரு பத்தாயிரம், ரெண்டு ஐயாயிரம்னு மூணு தாளா வைப்பாங்க.

ரொம்ப அதிகமா இருக்கேன்னு தோணும், எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனா உங்க ஒருத்தர் சாப்பாட்டுக்கும், திரும்பும்போது கையில தர்ற பரிசுப் பைக்கும் அவங்களுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு செலவு ஆகும். நம்ம பங்கை நாம கொடுக்கிறோம்னு நினைச்சுக்கங்க.

நோட்டு மடிப்பே இல்லாத புது நோட்டா இருக்கணும். வங்கிக்கு வேலை நாள்ல போய்க் கேட்டாத்தான் கிடைக்கும், சனி ஞாயிறு கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஞாபகம் வந்தா கஷ்டம். வழியே இல்லைன்னா ஹோட்டல் வரவேற்பு மேசையில கேட்டுப் பாருங்க, சில இடத்துல மாத்திக் கொடுப்பாங்க. 2024 ஜூலையில புது பத்தாயிரம் வந்தப்ப, ஷிபுசாவா படம் போட்ட நோட்டு கல்யாணத்துக்கு ஆகாது, ஃபுகுசாவா படம் போட்ட பழைய நோட்டுதான் வைக்கணும்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. ஷிபுசாவாவுக்குப் பெண்கள் சகவாசம் அதிகம்னு காரணம் சொன்னாங்க. அப்படி ஒரு முறையே கிடையாது, அதுக்காக அலையாதீங்க.

உறை கொன்பினியிலயே, அதான் தெருமுனைச் சின்னக் கடையிலயே, கிடைக்கும். ஆனா முடிச்சைப் பார்த்து வாங்குங்க. அவிழ்க்க முடியாத முடிச்சு, முசுபிகிரின்னு பேரு. பூ மாதிரி கட்டின முடிச்சு இழுத்தா அவிழும், திரும்பக் கட்டலாம். அது குழந்தை பிறந்தா கொடுக்கிறது. கல்யாணம் திரும்ப நடக்கக்கூடாதில்லையா. உறையோட பின்பக்கம் கீழ் மடிப்பு மேல் மடிப்புக்கு மேல வரணும், சந்தோஷத்தை ஏந்திக்கிற மாதிரி. மாறிப் போச்சுன்னா துக்க வீட்டு உறை ஆயிடும். மையும் அப்படித்தான், அடர் கறுப்புல எழுதணும், வெளிறின மை துக்கத்துக்கு.

கடல்நுரை:
இவ்வளவு பயமுறுத்தாதீங்க. நான் ஒசாகாவுல மூணு வருஷம் முன்னாடி ஒரு நண்பன் கல்யாணத்துக்குப் போனேன். சாதா வெள்ளை உறை, உள்ளே பத்தாயிரம், ஆபீஸுக்குப் போடுற சாம்பல் கோட். யாரும் ஒரு வார்த்தை சொல்லலை, சிரிச்சுக்கிட்டேதான் வரவேற்றாங்க. நாம வெளிநாட்டுக்காரங்கன்னு அவங்களுக்குத் தெரியும், எதையும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அக்கா, மனசுதான் முக்கியம், தைரியமாப் போயிட்டு வாங்க.

வேப்பமரம்:
தம்பி, மனசுதான் முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை வைத்து எல்லாம் சரியாக இருந்தது என்று இந்த ஊரில் முடிவு செய்துவிடக் கூடாது.

என் கதையைச் சொல்கிறேன். டோக்கியோ வந்த முதல் வருடம் ஒரு நண்பனின் கல்யாணம். கடையில் இருந்ததிலேயே அழகான உறையாகப் பார்த்து வாங்கினேன், பூ முடிச்சு போட்டது. வரவேற்பில் நின்ற பெண் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நன்றி சொன்னாள். நான்கு வருடம் கழித்து அவனுக்கு முதல் குழந்தை பிறந்தது. மறுபடி உறை வாங்கப் போன இடத்தில், இந்த முறை என்னுடன் வந்த சக ஊழியர் முடிச்சுகளின் வித்தியாசத்தை விளக்கினார். கடையிலேயே நின்றுவிட்டேன். நான்கு வருடமாக அவனுக்கும் அவன் மனைவிக்கும் அது தெரிந்திருக்கிறது. எத்தனையோ முறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு சொல் வந்ததில்லை.

அவர்கள் மன்னித்தார்கள்தான். ஆனால் வெளிநாட்டவர் என்று நமக்குத் தரும் அந்தச் சலுகையில் நாமே போய் உட்கார்ந்துகொண்டால், கடைசி வரை விருந்தாளியாகவே இருப்போம். உறவுக்காரர்களிடம் எதிர்பார்ப்பதை நம்மிடமும் எதிர்பார்க்கட்டும் என்றுதான் எனக்கு ஆசை. மழைத்துளிக்கு வந்த சந்தேகத்துக்கும் இதுவே பதில் என்று நினைக்கிறேன். அவள் தோழியாகக் கூப்பிட்டிருக்கிறாள், தோழிகள் எப்படிப் போவார்களோ அப்படிப் போங்கள்.

கொத்துமல்லி:
சாப்பாடு விஷயத்தில் நானும் சைவம்தான், பத்து வருஷமா. பெரும்பாலும் பிரெஞ்சு முறையில ஒவ்வொரு தட்டா வரும், நடுவுல மாட்டிறைச்சி கண்டிப்பா இருக்கும். பதில் அட்டையில ஒவ்வாமை இருந்தா எழுதச் சொல்லி ஒரு இடம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா தோழிகிட்ட நேர்ல இப்பவே சொல்லிடுங்க. சைவம்னு மட்டும் சொன்னா மீன் வரும். இறைச்சி, மீன், மீன் சாறு, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம், முட்டையும் பாலும் சாப்பிடுவேன்னு (அல்லது மாட்டேன்னு) பிரிச்சு எழுதிக் கொடுங்க. ஜப்பானியச் சாப்பாடா இருந்தா 'தாஷி'ங்கிற கட்சுவோ மீன் சாறு சூப்புல, காய்ல, எல்லாத்துலயும் இருக்கும்.

சொல்லாம போய், அங்க உட்கார்ந்து தட்டுத் தட்டா திருப்பி அனுப்புறதுதான் ரொம்பக் கஷ்டம். நான் அதைச் செஞ்சிருக்கேன். மேடையில இருந்து கல்யாணப் பொண்ணு என் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. முன்னாடியே சொன்னா அவங்களுக்கும் சமையல்காரருக்கும் தொந்தரவே இல்லை. சாராயம் குடிக்கலைன்னா பரவாயில்லை, எல்லாரும் கோப்பையைத் தூக்கி 'கன்பாய்' சொல்லும்போது ஊலாங் தேநீரைத் தூக்கினாப் போதும்.

மழைத்துளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்டை எழுதி அனுப்பிட்டேன். சாப்பாடு விஷயத்தைத் தோழிகிட்ட சொன்னேன், அவ குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டா. வேப்பமரம் அண்ணா சொன்னது மனசுல நிக்குது.

பட்டுநூல் அக்கா, புடவை?

பட்டுநூல்:
தாராளமாக் கட்டுங்க. அவங்க கிமோனோ கட்டி வர்ற இடம்தானே, நம்ம பட்டுக்கு அங்க இயல்பாவே ஒரு இடம் இருக்கு. வெள்ளை, சந்தன வெள்ளை, தந்த நிறம் மட்டும் வேண்டாம். போட்டோவுல வெள்ளையாத் தெரியுற வெளிர் நிறமும் வேண்டாம். வெள்ளை கல்யாணப் பொண்ணுக்கு மட்டும். முழுக் கறுப்பும் தவிர்த்திடுங்க. பகல் கல்யாணம்னா தோள் தெரியக்கூடாதுன்னு பார்ப்பாங்க, ரவிக்கைக்குக் கை வெச்சதா எடுத்துக்கங்க. விரல் தெரியுற செருப்பு ஆகாது, மூடின காலணி போடுங்க.

என் அனுபவத்துல ஒண்ணு. முதல் கல்யாணத்துக்கு என் முகூர்த்தப் புடவையையே கட்டிட்டுப் போனேன், அகலச் சரிகை, அரக்குச் சிவப்பு. அறைக்குள்ள நுழைஞ்சா எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு, போட்டோ எடுக்க வரிசை நின்னாங்க. யாரும் தப்பா நினைக்கலை. ஆனா அது அந்தப் பொண்ணோட நாள். அடுத்த கல்யாணத்துல இருந்து சின்னக் கரை போட்ட மெல்லிய பட்டுதான்.

ஆம்பளைங்களுக்கும் சொல்லிடறேன். கறுப்பு கோட், வெள்ளை இல்லைன்னா வெள்ளி நிற டை. கறுப்பு டை துக்கத்துக்கு.

வெண்பனி:
எல்லாரும் டோக்கியோ, நகோயா கணக்கே சொல்றீங்க. நான் சப்போரோவுல இருக்கேன். ஹொக்கைடோவுல வாசல்ல நிர்ணயித்த கட்டணம் கட்டணும், அழைப்பிதழ்லயே தொகை போட்டிருக்கும், 15,000, 20,000 அந்த மாதிரி. ரசீது கூடத் தருவாங்க. அலங்கார உறைக்குள்ள 30,000 வெச்சுக் கொடுத்தா அவங்களுக்குச் சங்கடம். ஒக்கினாவாவுல இருநூறு, முந்நூறு பேர் கூடுவாங்க, 10,000 வெச்சா வழக்கம், கடைசியில எல்லாரும் கையைத் தூக்கி 'கச்சாஷீ' ஆடுவாங்க. அதனால எந்த ஊர்க் கல்யாணம்னு பார்த்துட்டு முறையைப் பாருங்க.

மழைத்துளி:
புதுக் கவலை வந்திருக்கு. என்னைப் பேசச் சொல்லியிருக்கா! மூணு நிமிஷம், ஜப்பானிய மொழியில. நான் முதல்ல நம்ம வாழ்த்தைத்தான் மொழிபெயர்த்தேன். பல்லாண்டு பல்லாண்டு வாழ்க, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு. ஜப்பானிய ஆசிரியர்கிட்ட காட்டினேன், ரெண்டையுமே அடிச்சுட்டாங்க.

வேப்பமரம்:
அடிக்கத்தான் வேண்டும். இமிகொதொபா என்பார்கள், மங்கல நாளில் ஆகாத சொற்கள். வெட்டு, பிரி, முடி, திரும்பு எதுவும் வாயில் வரக்கூடாது. கேக் வெட்டுவதைக்கூடக் 'கத்தி வைத்தல்' என்பார்கள், விருந்து முடிவதை 'ஒஹிராகி', அதாவது திறத்தல் என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல.

இரட்டைக் கிளவியும் அடுக்குத்தொடரும்தான் நம்மை மாட்டிவிடும். 'மேலும் மேலும்', 'அடிக்கடி' என்று ஒரு சொல் இரண்டு முறை வந்தால் கல்யாணமும் இரண்டு முறை வரும் என்று அஞ்சுகிறார்கள். பல்லாண்டை அடித்தது அதனால். பதினாறு பேறு என்றால் நமக்குக் கல்வி, புகழ், செல்வம் எல்லாம் சேர்ந்தது. மொழிபெயர்த்தால் பதினாறு குழந்தை என்றுதான் அங்கே கேட்கும், குழந்தைப் பேச்சை மேடையில் எடுப்பது இப்போது நாகரிகம் அல்ல. அந்தப் பெண் உங்களுக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று.

கடல்நுரை:
வேப்பமரம் அண்ணா, உங்க முடிச்சுக் கதையைப் படிச்சு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அந்த ஒசாகா நண்பன் என் பேருக்கு உட்கார இடம், சாப்பாடு, பரிசுப் பை எல்லாம் வெச்சிருந்தான். நான் பத்தாயிரத்தை வெச்சுட்டு வந்திருக்கேன். அவங்களுக்கு பிப்ரவரியில குழந்தை பிறக்கப்போகுது. அப்ப பூ முடிச்சு உறைதானே?

வேப்பமரம்:
ஆமாம் தம்பி, பூ முடிச்சுதான். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மழைத்துளி:
கல்யாணம் நேத்து நடந்துச்சு. தாயான் நாள், அவங்க ஆறு நாள் கணக்குல ரொம்ப நல்ல நாளாம். நம்ம முகூர்த்த நாள் மாதிரி மண்டபம் கிடைக்காதுன்னு ஒரு வருஷம் முன்னாடியே பதிவு பண்ணியிருந்தாங்க.

உறையை ஊதா நிற ஃபுகுசா துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். வரவேற்பு மேசையில பிரிச்சு, அவங்க படிக்கிற பக்கமாத் திருப்பி, 'ஹொன்ஜிட்சு வா ஒமெதெதோ கொசாய்மசு'ன்னு வாழ்த்திட்டு உறையைக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் முடிச்சைப் பார்த்துட்டு நிமிர்ந்து சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காகவே இங்க எழுதின எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

சடங்கு ஹோட்டலுக்குள்ளயே இருந்த சின்னத் தேவாலயத்துல. நூத்துக்கு ரெண்டு பேர்கூடக் கிறிஸ்தவங்க இல்லாத நாட்டுல எல்லாரும் எழுந்து நின்னு பாட்டுப் பாடுறது முதல்ல விநோதமா இருந்துச்சு. பக்கத்துல இருந்த அம்மா சொன்னாங்க, கோயில்ல ஷிண்டோ முறையில கல்யாணம் பண்றதுமே 1900-இல் பட்டத்து இளவரசர் கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஜனங்ககிட்ட பரவுச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் வீட்டுலதான்னு. சட்டப்படி கல்யாணம் நகராட்சியில தாளைக் கொடுத்ததோடயே ஆயிடுது, அவங்க அதைப் போன மாசமே முடிச்சுட்டாங்க. அப்ப இந்த நாள் முழுக்கக் கூப்பிட்டவங்களுக்காகத்தான்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

விருந்துல மேடைக்குப் பக்கத்து மேசைகள்ல மேலதிகாரிங்க, அப்புறம் நாங்க. பெத்தவங்க எங்கன்னு தேடினேன். கடைசி மேசை, கதவோரம். நம்ம பக்கம் அப்பா அம்மா மணவறையிலயே நிப்பாங்க, இங்க அவங்கதான் வீட்டுக்காரங்க, வந்தவங்களை முன்னாடி உட்கார வெச்சுட்டு அவங்க பின்னாடி போயிடறாங்க. பொண்ணோட அம்மா ஒவ்வொரு மேசையா வந்து பியர் ஊத்தினாங்க. என்கிட்ட வந்தப்ப ஊலாங் தேநீர் ஜாடியைக் கையில எடுத்துட்டு வந்தாங்க. மகள் சொல்லி வெச்சிருக்கா.

பேச்சுல ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். நான் வந்த முதல் மாசம் காய்ச்சல்ல கிடந்தப்ப, என் வீட்டுக் கதவுக் கைப்பிடியில ஒரு பை தொங்கிச்சு. கஞ்சி, மாத்திரை, மாத்திரையை எப்ப எப்ப சாப்பிடணும்னு படம் வரைஞ்ச ஒரு தாள். எனக்கு அப்ப எழுத்து படிக்கத் தெரியாது, அதனால சூரியனும் நிலாவும் வரைஞ்சிருந்தா. கடைசியில 'ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்'னு தமிழ்ல சொல்லி, அப்புறம் அவங்க மொழியில சொன்னேன். குரல் நடுங்கிடுச்சு.

என் இருக்கையில இருந்த பெயர் அட்டையை உட்கார்ந்தப்பவே திறந்து பார்த்திருக்கணும், பயத்துல பார்க்கலை. பேசிட்டு வந்து திறந்தா உள்ளே அவ கையெழுத்து. என் பேரைத் தமிழ்ல எழுதியிருந்தா. கொம்பு ஒண்ணு தலைகீழா இருந்துச்சு.

விருந்து முடியும்போது அவ பெத்தவங்களுக்கு எழுதின கடிதத்தைப் படிச்சா. கதவோரம் நின்ன அப்பா கைக்குட்டையை எடுக்கவே இல்லை, கண்ணீர் அப்படியே வழிஞ்சுது. எங்க அப்பாவும் என்னை விமான நிலையத்துல விட்டப்ப அப்படித்தான் நின்னார்.

கொத்துமல்லி:
படிச்சு அழுதுட்டேன். சாப்பாடு?

மழைத்துளி:
ஏழு தட்டு, ஏழும் சைவம், அக்கா. ஒவ்வொண்ணையும் வைக்கும்போது இதுல என்ன இருக்குன்னு பரிமாறினவர் குனிஞ்சு சொல்லிட்டுப் போனார்.

பட்டுநூல்:
பரிசுப் பையில பவும்குச்சென் கேக்கோட ஒரு தடிமனான புத்தகம் இருந்திருக்குமே. அதுல இருந்து உங்களுக்குப் பிடிச்ச ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அனுப்பணும். கடைசித் தேதி போட்ட அட்டை உள்ளே இருக்கும், அலமாரியில வெச்சு மறந்துடாதீங்க. தேர்ந்தெடுத்தது வந்ததும் அவகிட்ட காட்டுங்க, சந்தோஷப்படுவா.

மழைத்துளி:
இருக்கு அக்கா, ஜனவரி வரைக்கும் நேரம் இருக்கு. மண் சட்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அவ புது வீட்டுல இருந்து எங்க வீடு ரெண்டு ஸ்டேஷன்தான். முதல்ல அதுல ரசம் வெச்சு அவங்க ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடப் போறேன்.